போகி நெருப்பில் எரிவது பழசு மட்டும்தானா?
மும்பை வாழ் தமிழர் சிந்தனைக்குச் சில செய்திகள்

(நமது மும்பை நிருபர்)

மார்கழி மாதத்தின் கடைசி நாள். விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். அத்தனை அகலம்தான் அந்தச் சந்து. அதன் முனையில் சென்ற போகியன்று இளைஞர்கள் நெருப்பு மூட்டினார்கள். கிழிந்த கோரைப் பாய், தேய்ந்த விளக்குமாறு இவற்றோடு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்ஸின் பை, நைலான் சேலை, ஒரு ஸ்கூட்டர் டயர் எல்லாம் அதில் விழுந்தன. சிறுவர்கள் தகர டப்பாவைக் கொட்டி ஆரவாரம் செய்தார்கள்.

கால் மணி நேரத்தில் ஆரவாரம் அடங்கிவிட்டது. கரும்புகை மேலே எழும்பவில்லை. சந்துக்குள்ளேயே புகுந்து வீடு வீடாக நுழைந்தது. மூன்றாவது வீட்டில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மூச்சுக்குத் திணறினான். அவனுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. அவன் தந்தை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வீட்டில் பொங்கல் பானை வாங்கி வைத்திருந்தார்கள். அது அடுத்த நாளும் அடுப்பில் ஏறவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால், "அண்ணே, நெருப்பு மூட்டினது எங்க வீட்டுப் பசங்களும்தான். யாரைக் குறை சொல்ல?" என்று அந்தத் தாய் இந்நிருபரிடம் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்று எரித்தது என்ன?

போகியன்று பழையதை எரிப்பது நம் முன்னோர் வழக்கம். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவர்கள் எரித்தது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலைப் பெட்டி, கோரைப் பாய், மூங்கில் முறம், தென்னை விளக்குமாறு, கூரையிலிருந்து பிரித்த பழைய ஓலை, வைக்கோல். எல்லாம் மண்ணில் விளைந்தவை. எரிந்த சாம்பல் எருக்குழிக்குப் போயிற்று. எரித்த இடமோ திறந்த வெளி. புகை வயல் காட்டைத் தாண்டிப் போய்விடும்.

இன்றோ பெயர் அதுதான், பொருள் வேறு. பாய் என்றால் பிளாஸ்டிக் பாய். முறமும் பிளாஸ்டிக். விளக்குமாற்றின் பிடியும் பிளாஸ்டிக். துணியிலும் பாதி நைலான், பாலியெஸ்டர். பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவும், டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகின்றன. டயாக்சின் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது எளிதில் அழியாது. உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். டயர் எரிந்தால் கந்தகப் புகையும் கரித்தூளும் கிளம்பும் என்பது யாவரும் கண்ணால் கண்டதே.

மூடி போட்ட கொப்பரை

"வருஷத்தில் ஒரு நாள்தானே! இந்தப் பஸ்ஸும் லாரியும், கட்டட வேலைத் தூசியும் செய்யாததையா நாங்கள் செய்துவிட்டோம்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மும்பையின் காற்று கெட்டதற்குப் பெரும் பொறுப்பு வாகனங்களுக்கும், தொழிற்கூடங்களுக்கும், கட்டுமானப் புழுதிக்கும்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. முதலாவது, காலம். பகலில் தரை சூடாகி, காற்று மேலே எழும்பும். புகையையும் உடன் இழுத்துச் செல்லும். குளிர்கால இரவில் தரை விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, இட்லிக் கொப்பரைக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துவிடுகிறது. கீழே கிளம்பும் புகை அந்த மூடியைத் தாண்டிப் போக முடியாது. போகி நெருப்பு மூட்டுவதோ சரியாக அந்த விடியற்காலை நேரத்தில்.

இரண்டாவது, இடம். பெரிய ரோட்டில் ஓடும் லாரியின் புகை ஊருக்கெல்லாம் பொது. சந்து முனையில் எரியும் டயரின் புகை நம் வீட்டுக்கே சொந்தம். நம் பிள்ளை, நம் பெற்றோர், அடுத்த அறையில் படுத்திருக்கும் கர்ப்பிணி இவர்கள்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள்.

புகையில் மிக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. பி.எம். 2.5 என்று அவற்றைக் குறிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். இந்தத் துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. மூக்கு வடிகட்டி இதை நிறுத்த முடியாது. நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் விதித்த அளவு 15-தான்.

2018-ம் ஆண்டு போகியன்று சென்னையில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பனியும் புகையும் கலந்து கவிந்ததில் விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியவில்லை. பல விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகராட்சியே, "பழைய துணி, டயர், பிளாஸ்டிக் ஆகியவற்றை எரிக்காதீர்கள், துப்புரவுப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2016 ஜனவரி இறுதியில் தேவ்னார் குப்பைமேடு பற்றி எரிந்ததை நினைத்தால் போதும். 1927 முதல் இந்நகரின் குப்பையைத் தாங்கி வந்த மேடு அது. கோவண்டி, செம்பூர்ப் பகுதிகளில் நாள் கணக்கில் புகை சூழ்ந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வானில் சுற்றும் செயற்கைக்கோள் படத்திலேயே அந்தப் புகை தெரிந்தது. அந்தப் பகுதிகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள். குப்பை எரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

திறந்த வெளியில் குப்பை எரிப்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட செயல். 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு அபராதம் விதித்து உத்தரவிட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய். பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். நம்மில் பலருக்குப் பொங்கல் செலவே அவ்வளவு ஆவதில்லை.

எரிப்பது காசு!

இதில் இன்னொரு வேடிக்கை. நாம் தாராவியில் எரிக்கிறோமே, அதே பிளாஸ்டிக்கைத் தாராவியே எடை போட்டு விலைக்கு வாங்குகிறது! 13-ம் காம்பவுண்டுப் பகுதியில் நகரின் மூலை முடுக்கிலிருந்து வரும் உடைந்த வாளி, நாற்காலி, டப்பா எல்லாவற்றையும் இனம் பிரிக்கிறார்கள். துண்டு துண்டாக அரைத்து, கழுவி, உருக்கி, மணிமணியாக்கி மறுபடி தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நம்மவர்களிலேயே எத்தனை குடும்பங்கள் அந்தத் தொழிலில் பிழைக்கின்றன!

எனவே போகிக்கு ஒரு வாரம் முன்பே வீட்டைக் காலி செய்துவிடலாம். பழைய தாள், நோட்டுப் புத்தகம் ரத்திக்காரருக்கு. இரும்பு, தகரம், பிளாஸ்டிக் பங்கார் கடைக்கு. கட்டக்கூடிய நிலையிலுள்ள சேலை, சட்டைகளைக் கூடையில் பாத்திரம் சுமந்து வரும் பெண்கள் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தருவார்கள். கிழிந்த பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்தால் மராத்திக்காரர்கள் 'கோதடி' என்கிறார்களே, அந்த மெத்தென்ற போர்வை கிடைக்கும். மும்பைக் குளிருக்கு அது போதும்.

செல்போன் பாட்டரி, பழைய டியூப் லைட் இவற்றை மட்டும் பங்காரிலும் போடாமல், குப்பையிலும் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடங்களில் சேர்ப்பதே நல்லது. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஆபத்து.

பக்கத்து வீட்டுப் போகி

நம்மில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. மராத்தியர்களுக்கும் சங்கராந்திக்கு முந்திய நாள் போகிதான். பெயரும் அதுவே. ஆனால் அவர்கள் அன்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கேரட், கத்தரிக்காய், அவரை, பச்சைக் கடலை, பட்டாணி என்று அந்தப் பருவத்தில் வரும் காய்களையெல்லாம் சேர்த்து எள் போட்டு ஒரு கூட்டு. தொட்டுக்கொள்ள எள் தூவிய கம்பு ரொட்டி. குளிருக்கு உடம்பில் சூடு தரும் என்று அவர்கள் சொல்கிறார்கள். மறுநாள் எள்ளுருண்டை கொடுத்து, "தில்குள் கியா, கோட் கோட் போலா" என்று வாழ்த்துகிறார்கள். இனிப்பைத் தின்று இனிமையாகப் பேசு என்பது அதன் பொருள்.

பல்லாண்டுகளாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். அந்தக் கூட்டை நாமும் ஒரு நாள் செய்து பார்த்து, நம் சர்க்கரைப் பொங்கலை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நெருப்பில் நம்மை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. பாந்த்ரா போன்ற பகுதிகளில் டிசம்பர் 31 நள்ளிரவில் 'ஓல்டு மேன்' என்று வைக்கோலும் பழைய துணியும் திணித்த பொம்மையை எரித்துப் பழைய ஆண்டை வழியனுப்புகிறார்கள். உள்ளே பட்டாசும் வைப்பதுண்டு. ஆண்டு முடிந்தால் பழையதை எரித்துவிட வேண்டும் என்ற எண்ணம் எல்லா மக்களுக்கும் பொது போலும்.

நட்சத்திரமும் குடிலும்

தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்நகரில் ஏராளம். டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் ஏறிவிடும். அதைப் பார்க்கும்போது ஊர் ஞாபகம் வராதவர் யார்?

ஒரு சிறு கணக்கு. டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை 37 இரவுகள். நட்சத்திரத்துக்குள் 60 வாட் குண்டு பல்பு போட்டு இரவுக்கு 12 மணி நேரம் எரியவிட்டால் சுமார் 27 யூனிட் மின்சாரம் ஆகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் 4 யூனிட் போதும். படுக்கப் போகும்போது அணைத்துவிட்டால் இன்னும் குறையும். காகித நட்சத்திரத்தைக் கிழிக்காமல் மடித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

குடில் ஜோடனைக்குத் தெர்மோகோல் வாங்குவதை விட்டுவிட வேண்டும். 2018-லேயே மராட்டிய அரசு பிளாஸ்டிக், தெர்மோகோல் தட்டு, டம்ளர்களைத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் ஜோடனைத் தெர்மோகோலும் இருக்கிறது. வைக்கோல், கோணி, களிமண், பழைய அட்டைப் பெட்டி போதாதா? மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பிள்ளைக்கு வைக்கோலைவிடப் பொருத்தமான பொருள் வேறு எது? மங்களூர்க்காரர்கள் சில நாள் முன்பே சிறு தட்டுகளில் கேழ்வரகும் நெல்லும் முளைக்கவிட்டுக் குடிலைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று வைக்கிறார்கள். பத்து ரூபாய்க் கேழ்வரகில் ஒரு வயலே வந்துவிடும்.

மரத்துக்காக யாரும் கிளையை வெட்ட வேண்டாம். இந்நகரில் மரம் வெட்ட 1975-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். தொட்டியில் இருக்கும் குரோட்டன்ஸ் செடிக்கே நாலு வண்ணக் காகிதம் கட்டினால் அது கிறிஸ்துமஸ் மரம்தான். பண்டிகை முடிந்ததும் மறுபடி ஜன்னலுக்குப் போய்விடும்.

பட்டமும் நூலும்

சங்கராந்தியன்று மும்பை வானமெல்லாம் பட்டம். நம் பிள்ளைகளும் மொட்டை மாடியில் நிற்கிறார்கள். விளையாட்டை யாரும் தடுக்கவில்லை. நூலைப் பற்றித்தான் பேச்சு. நைலான் மாஞ்சா மக்காது, அறாது. மரத்தில் சிக்கி மாதக் கணக்கில் தொங்கும். புறாவும் பருந்தும் சிறகு அறுந்து விழுகின்றன. ஸ்கூட்டரில் போனவர்கள் கழுத்து அறுபட்டு மாண்ட செய்திகளும் ஆண்டுதோறும் வருகின்றன. 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவையும், கண்ணாடித்தூள் பூசிய செயற்கை நூலையும் நாடு முழுவதும் தடை செய்தது. வெறும் பருத்தி நூலே பட்டத்தை ஏற்றும்.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளும் உண்டு. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதில் சிக்கிய பட்டத்தை எடுக்கக் கம்போ, இரும்புக் கழியோ நீட்டினால் உயிர் மிஞ்சாது. உலோகத்தூள் பூசிய நூல் பட்டாலும் அப்படியே. ரயில் பாதை ஓரமாகக் குடியிருக்கும் பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பொங்கல் பானை

90 அடி ரோட்டில் நம் தாய்மார்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிடுவது மும்பையே திரும்பிப் பார்க்கும் காட்சி. விறகடுப்பு என்பதற்காக அதை விட்டுவிடச் சொல்லும் துணிவு இந்நிருபருக்கு இல்லை. ஆனால் நன்கு காய்ந்த விறகாக இருக்கட்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு வேண்டாம். பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பையைக் கொளுத்தும் கெட்ட பழக்கத்தை விட்டு, ஒரு துண்டு தேங்காய் நாரோ, சூடமோ போட்டால் போதும்.

பானையைக் கும்பார்வாடாவில் வாங்கலாம். சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்து தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றும் குயவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோலத்துக்குப் பச்சரிசி மாவு. எறும்புக்கும் சிட்டுக்குருவிக்கும் அன்றைக்குப் பொங்கல். சாப்பிட வாழையிலை. இலை, கரும்புச் சக்கை, மஞ்சள் கொத்து, பூச்சரம் இவற்றைத் தனியாக ஈரக் குப்பையில் சேர்த்தால் உரமாகும். பாலிதீன் பையில் கட்டிச் சாக்கடையில் எறிந்தால், அடுத்த ஆடியில் மழை வெள்ளம் அதை நம் வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

ஊருக்குப் போகிறவர்களும் கவனிக்கலாம். ரயிலில் ஒரு பையைக் குப்பைக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டால், சாப்பாட்டுப் பொட்டலம் ஜன்னல் வழியே எந்த ஊர்க்காரன் வயலிலும் விழாது. ரயில்வே வளாகத்தை அசுத்தம் செய்தால் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2012 முதல் விதி இருக்கிறது.

ஆச்சியின் தீர்ப்பு

முதலில் சொன்ன சந்துக்கு மறுபடி வருவோம். இந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசினார்கள். இளைஞர்கள் நெருப்பே வேண்டாம் என்றார்கள். சந்திலேயே மூத்தவரான நெல்லைச் சீமை ஆச்சி மட்டும் ஒப்பவில்லை.

"ஏ தம்பி, பழசைக் கொளுத்தாம போகி என்னய்யா போகி? எங்க அம்மை செஞ்சா, எங்க மாமியா செஞ்சா. நான் நிப்பாட்டவா?" என்றார்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாவது வீட்டுச் சிறுவன் அப்போது ஆச்சியின் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். ஆச்சி அவன் தலையைத் தடவிக்கொண்டே சிறிது நேரம் இருந்தார். பிறகு அவரே சொன்னார்: "எங்க அம்மை டயரைக் கொளுத்தலையே. ஓலையும் வாரியலுந்தான் போட்டா. நாமளும் அதை மட்டும் போடுவோம். மத்ததைப் பங்காருக்காரன் அள்ளிட்டுப் போகட்டும்."

அப்படியே முடிவாயிற்று. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஓலைத் துண்டு அல்லது ஒரு கைப்பிடித் தென்னங்குச்சி. அதற்கு மேல் இல்லை. அதுவும் சந்துக்குள் இல்லை. வெளியே திறந்த இடத்தில், சூரியன் கிளம்பிய பிறகு, வழக்கத்துக்காக ஒரு சிறு சுடர், கற்பூரம் காட்டுவது போல. மற்ற சாமான்கள் பங்கார் கடைக்குப் போகும். கிடைக்கும் பணத்தில் சந்துக் குழந்தைகளுக்குக் கரும்பு வாங்குவதாகத் திட்டம்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். வழி தெரிய வேண்டுமானால் முதலில் புகை விலக வேண்டும். ஆச்சி தம் பழைய வாரியலில் ஒரு பிடி குச்சியை உருவிச் சணல் கயிற்றால் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதன் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிப் பங்கார்ச் சாக்கில் போட்டவன் அந்தச் சிறுவன்தான்.